அண்ணனின் கீபோர்டுக்கு வைத்த விளக்குகள்

பாசத்துக்குரிய என் அண்ணே,

உன் கீபோர்டில் இப்போது விளக்கு எரிகிறது. ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். நீ கேட்டபடியே வந்திருக்கிறது. நீ போய் ஏழு மாதம் கழித்து முடித்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

கீழ்வேளூரில் பத்திரம் எழுதும் ஆபீசில் பதினெட்டு வருஷம் டைப் அடித்தவன் நீ. கிரயமோ பாகப்பிரிவினையோ, கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே அடிப்பாய். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு, வைத்தியத்துக்காக அண்ணியோடு தஞ்சாவூரில் என் வீட்டில் வந்து தங்கினாய். பேச்சு போய்விட்டதே என்று நாங்கள் அழுதுகொண்டிருக்க, நீ போனில் அடித்துக் காட்டிய முதல் வரி: "மேற்படி காபியில் சர்க்கரை இல்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்." அண்ணி அழுகையோடு சிரித்தார்கள்.

மருந்து ஏற ஏற விரல்நுனி மரத்துப்போனது. பேனா நழுவியது. போனில் ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழுந்தது. அதற்காகத்தான் அந்த மெக்கானிக்கல் கீபோர்டை வாங்கி, கேபிள் போட்டு உன் போனில் சொருகிக் கொடுத்தேன். அழுத்தினால் டக்கென்று சத்தம் வரும். விரலுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிந்தது. ஆனால் எழுத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டியிருந்தது. டியூப்லைட் பட்டால் உன் கண்ணில் தண்ணீர் கொட்டும் என்பதால் அறையை மங்கலாகவே வைத்திருந்தோம்.

"எழுத்துக்கு அடியில லைட் வர்ற மாதிரி பண்ண முடியுமா பாப்பா" என்று நீதான் அடித்துக் காட்டினாய்.

திறந்து பார்த்தேன். போர்டில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் எல்.இ.டி. வைக்க இரண்டு ஓட்டை விட்டிருந்தார்கள். நான் பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட். சால்டரிங் எல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்தேன். "ரெண்டே நாள்தான் அண்ணே, கையால ஜாடை காட்டி ஓட்டிடு" என்றேன். நீ சிரித்துத் தலையாட்டினாய்.

அந்த இரண்டு நாளைக்குச் சாதாரணக் கீபோர்டு ஒன்றை உன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

எல்.இ.டி.க்கு இரண்டு கால். நீளமானது பிளஸ். பிள்ளைகளுக்கு நான்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறேன். அப்படிப்பட்டவள், போர்டைப் புரட்டிப் புரட்டி வைத்ததில் திசை குழம்பி, நடு வரிசை முழுக்க மாற்றிப் போட்டு ஈயம் வைத்துவிட்டேன். ஒன்றும் எரியவில்லை. கழற்றுகிற அவசரத்தில் சூட்டை ஒரே இடத்தில் அதிக நேரம் வைத்தேன். முடி மாதிரி ஓடுகிற செம்புக் கோடு போர்டிலிருந்து பெயர்ந்து வந்தது. சொருகிப் பார்த்தால், அந்த வரிசையில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

மறுநாள் காலையில் உனக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்சில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி நீ என்னைப் பார்த்து, போர்வையின்மேல் பத்து விரலாலும் அடித்துக் காட்டினாய்.

"என்னமோ சொல்லணுங்குறாரு. அந்தக் கீபோர்ட எடு வசந்தி" என்றார்கள் அண்ணி.

"அது வேலை செய்யாது அண்ணி. நான்தான் கெடுத்துட்டேன்."

போனை நீட்டினேன். "லலவககவ" என்று விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாய். அதுவும் அப்படித்தான். போனைத் தள்ளிவிட்டு நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் கடைக்கு ஓடினேன். போய்வர அரை மணி நேரம்தான். அதற்குள் உன்னை உள்ளே கொண்டுபோய், மயக்க மருந்து கொடுத்து மூச்சு மெஷினில் போட்டிருந்தார்கள். வாங்கிய கீபோர்டைப் பெட்டி பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வெளியே உட்கார்ந்திருந்தேன். நீ விழிக்கவே இல்லை.

என்ன சொல்ல வந்தாய் அண்ணே?

"ஊருக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிருப்பான்" என்கிறது அம்மா. பயப்படாதே என்று சொல்ல வந்ததாக அண்ணி முதலில் நம்பினார்கள். இப்போது, தன்னிடம் ஏதோ கேட்க வந்தாய் என்கிறார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. "என்மேல கோவமா அண்ணி?" என்று ஒருநாள் நானே கேட்டேன்.

"கோவப்பட்டு என்ன ஆவப்போவுது" என்றார்கள்.

அண்ணி இப்போது ஊரில்தான் இருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் விட்டு ஒரு மாதமாகிறது, நம் வாய்க்காலுக்கு இன்னும் எட்டவில்லை. மூன்று மா நிலத்திலும் நேரடியாக விதைத்த நெல் முளைத்து, நுனி கருகிக்கொண்டிருக்கிறதாம். நேற்று போனில் சொன்னார்கள். நான் உம் கொட்டினேன்.

பெயர்ந்த கோட்டுக்குப் பதிலாக மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்துப் பற்றவைத்தேன். எல்லா எழுத்தும் விழுகிறது, எல்லா விளக்கும் எரிகிறது. இவ்வளவு சின்ன வேலை. அன்றைக்கே செய்திருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்துவிட்டேன்.

வீட்டில் வைத்திருக்க முடியாமல் போன வாரம் அதை உன் பழைய வார்டுக்கு எடுத்துப்போனேன். பேராவூரணிப் பக்கம் தேங்காய் உரிக்கிறவர் ஒருவருக்கு உன்னைப் போலவே ஆபரேஷன் ஆகியிருந்தது. விளக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு கையை விரித்துவிட்டார். "அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க" என்றார் அவர் மனைவி. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

உனக்கு ஒரே ஒரு வாக்குத் தருகிறேன். நீ சொல்ல வந்தது இதுதான் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். "பரவால்ல பாப்பா" என்று நீ அடித்திருப்பாய் எனத் தோன்றும்போதெல்லாம், அதை நம்பாமல் எழுந்து போய்விடுவேன். அது என் ஆசை அண்ணே. உன் பேச்சாக அதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டே நாள் என்று சொன்ன உன் தங்கச்சி,
வசந்தி