லாரிங்டனுக்கு எட்டு

ஜூலை 21

மழை விட்டதும் விவசாயி க்ளெமின் பண்ணைக்குப் போனேன். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் நான் போட்ட கோதுமைச் சோதனைப் பாத்திகளில் மஞ்சள் புள்ளி நோய் நன்றாகப் பிடித்திருக்கிறது. விதைத்த கையோடு நோய் கண்ட பழைய வைக்கோலை நானே தூவியது வீண்போகவில்லை. ஊரே நோய் வரக்கூடாது என்கிறது, நான் வர வேண்டும் என்கிறேன். வந்தால்தானே எந்த ரகம் தாங்கும் என்று மதிப்பெண் போட முடியும். நல்ல பிழைப்பு.

லாரிங்டன் ரகத்திலும் புள்ளி. போன வருடமே பார்த்துச் சொன்னேன். ஒரு வருடக் கணக்கை வைத்து மாற்ற முடியாது என்றுவிட்டார் என் மேலதிகாரி ஆல்ஸ்டன். ஆக, விதைக் கையேட்டில் அது இன்னும் 'நோய் தாங்கும்' கோதுமை. இந்த வருடமும் மதிப்பெண் மோசமாக வந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். அடுத்த விதை விற்பனைக்குள்.

ஆகஸ்ட் 6

காற்று. கண்ணெல்லாம் மண். அடுத்த வாரம் மதிப்பெண் போட வேண்டும்.

ஆகஸ்ட் 13

பாத்திகள் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன. புது இலைகளில் ஒரு புள்ளி இல்லை. நோயைப் பரப்பவென்றே விதைத்த நோஞ்சான் ரகம்கூடத் தளதளவென்று இருக்கிறது. ஊடே டிராக்டர் தடம்.

மருந்து அடிச்சிருக்கார், பாவி மனுஷன்!

க்ளெம் மறைக்கக்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"ரோட்டுல போறவன்லாம் வண்டிய நிறுத்திப் பாக்குறான். க்ளெமுக்கு வயசாயிடுச்சு, பயிரப் பாத்துக்க முடியலன்னு கால்பந்து கிளப்புல ஒரே சிரிப்பு."

"நோய் வரணும்னுதானே விதைச்சதே?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுங்களுக்குத் தெரியுமா? என் வயலுக்கு வாங்கின மருந்து சும்மா கெடந்துச்சு. உனக்கும் நல்லதாச்சேன்னு அடிச்சேன், ப்ரான்."

எனக்கு நல்லது! காருக்குள் உட்கார்ந்து கத்தினேன். அவருடைய நாய் பதிலுக்குக் குரைத்தது.

ஆகஸ்ட் 14

ஆல்ஸ்டனிடம் சொன்னேன். சோதனை கெட்டுப்போனால் பழைய மதிப்பெண்ணே இருக்கட்டும் என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி. ரகத்தை வெளியிட்டவர்களோடு இனி மல்லுக்கட்ட வேண்டாமே. எவன் பயிர் போனால் இவருக்கு என்ன?

செப்டம்பர் 5

பல் துலக்கும்போதுதான் க்ளெம் அன்று சொன்னது உறைத்தது. 'என் வயலுக்கு வாங்கின மருந்து.' பிறகு ஏன் சும்மா கிடந்தது? அவர் வயலில் என்ன ரகம் என்று கேட்டேனா? கோபத்தில் அது என் காதிலேயே ஏறவில்லை.

செப்டம்பர் 6

லாரிங்டன். மேட்டுக்கு அந்தப் பக்கம், அதே நெடுஞ்சாலையை ஒட்டி, மொத்த வயலும். மருந்து வேண்டாம் என்று எங்கள் கையேடு சொன்னதை நம்பி விட்டிருக்கிறார். உச்சி இலை வரை புள்ளி. இனி அடித்தும் பயனில்லை.

க்ளெம் ஒரு இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டினார்.

"எத்தன போடுவ?"

"எட்டு."

"ஒம்போதுதானே ரொம்ப மோசம்?"

"ஆமா."

"போன வருஷமே தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். சொன்னேன். உங்ககிட்ட சொல்லல."

அவர் திட்டியிருக்கலாம். இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஆல்ஸ்டன் மீது இருந்த கோபம் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. கையேட்டில்தான் மாற்ற முடியவில்லை. வாயையுமா கட்டிப்போட்டிருந்தார்கள்?

செப்டம்பர் 9

க்ளெம் வயலின் படங்களை ஆல்ஸ்டனுக்கு அனுப்பினேன். விவசாயியின் வயல் சோதனைக் கணக்கில் சேராதாம். சேராதாம்!

செப்டம்பர் 20

மேட்டில் ஏறும்போதே தெரிந்தது, சாலையோரம் வரிசையாக வண்டிகள். க்ளெம் வயலின் வேலியில் ஒரு பழைய தகரம். ஆட்டுக்குக் குறி போடும் சிவப்புச் சாயத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தார்:

'இது லாரிங்டன். மருந்து அடிக்கல. வேண்டாம்னு புத்தகம் சொல்லிச்சு. இறங்கிப் பாருங்க.'

போகிறவன் பார்த்துவிடுவானே என்று என் பாத்திக்கு மருந்து அடித்த மனிதர், வேலிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கிளப் ஆட்கள் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆல்ஸ்டன். எடுக்கவில்லை. பயிருக்குள் நின்று, கேட்டவர் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொன்னேன்: எட்டு.