அம்பு போட்டால் ஓடும் மொழி

1985 பிப்ரவரி 12
நாங்கள் உருவாக்கும் கணினி மொழியில் வரிகளுக்கு முன்பின் கிடையாது. ஒரு கணக்குக்கு வேண்டிய எண்கள் வந்து சேர்ந்ததும் அது தானாக நடக்கும். பத்து வருடத்துக்கும் மேலாக எங்கெங்கோ பலர் இதே கனவோடு மொழிகள் எழுதுகிறார்கள். இந்த ஆய்வகத்தில் மொழி எழுதுவது நான். அதை ஓட்டும் தனி இயந்திரம் கட்டுவது ஈயம். கம்பிகளைப் பற்றவைக்கும் ஈய வாசனை எப்போதும் அவர் சட்டையில், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 26
வேகச் சோதனை இரண்டு. சின்னதில் ஜெயித்தோம்; பெரியதில் கடையில் வாங்கிய சாதாரணக் கணினியிடம் தோற்றோம். கணக்குப் போடுவதைவிட, எந்த எண்ணுக்கு எது ஜோடி என்று தேடவே நேரம் போகிறது.

பிப்ரவரி 27
இயக்குநர் கூப்பிட்டார். "ஜெயிச்ச சோதனைய மட்டும் நிதி தர்ற குழுகிட்ட காட்டும்மா. தோத்தத யாரு கேக்கப்போறா?"

மார்ச் 5
இரண்டையும் காட்டிவிட்டேன். நிதி நின்றது. மாடிப்படியில் ஈயம்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"
சொல்லியிருக்கணும். ஏன் சொல்லல? பயம். வேற என்ன.

ஏப்ரல் 20
அக்கா மருத்துவமனையில் இதயத் துடிப்பை ஆராய்பவள். பெட்டியும் அம்பும் வரைந்து என் மொழியை அவளுக்கு விளக்கினேன்.
"நீ வரையறது புரியுதுடி. எழுதறதுதான் புரியல. வரைஞ்சதையே ஓட வைக்க முடியாதா?"
சிரித்தேன். வீடு திரும்பும் வழியில் சிரிப்பு போய்விட்டது. அவள் சொன்னது முடியும். துடிப்பின் வேகத்துக்குச் சாதாரணக் கணினியே தாராளம்! தனி இயந்திரம் எதற்கு?

ஏப்ரல் 22
ஈயத்துக்கு போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். "வெளிய போயிருக்கார்னு சொல்லச் சொன்னார்மா." நல்ல மனுஷி. பொய் சொல்ல வரவில்லை.

ஜூலை 9
திரையில் மூன்று பெட்டி, நடுவே அம்புகள் — ஓடியது! ஆனால் அக்காவின் கருவியிலிருந்து துடிப்பைக் கணினிக்குக் கொண்டுவர ஒரு மின்சுற்று வேண்டும். கம்பி வேலை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.
"அவரையே போய்க் கேளு. கௌரவம் பாத்தா ஆச்சா?" என்றாள் அக்கா.

ஜூலை 10
ஈயத்தின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். கதவை முழுசாகத் திறந்தார். பிறகு, "தோத்தது நெசம். அதுல கோவமில்ல. நாம ரெண்டு பேரும் சேந்து போய்ச் சொல்லியிருக்கணும். அவ்ளோதான்." கையை நீட்டி, "எங்க, அந்தப் படத்தக் காட்டு."

நவம்பர் 3
ஒரு வரி நிரல் எழுதத் தெரியாத அக்கா, இன்று தானே அம்பு போட்டுத் தன் நாடித்துடிப்பைத் திரையில் ஓடவிட்டாள். ஈயம் என் அறையைச் சுற்றிப் பார்த்தார். "நாளைக்கு என் மேசையையும் இங்க தூக்கிட்டு வந்துடறேன். சன்னலோரம் எனக்கு."
சன்னலோரத்தைக் கொடுத்துவிட்டேன்.