செட் மாத்திரை

இன்று செம்பட்டியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன், மாப்பிள்ளை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பக்கத்து மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டார். நான் கேட்கவே இல்லை. அவராகவே நாலைந்து டப்பாவிலிருந்து உதிரி மாத்திரைகளை எடுத்துச் சின்னக் காகிதக் கவரில் போட்டு மடித்து நீட்டினார். "செட்டு போட்டிருக்கேன்ணே, ரெண்டு வேளைக்கு வரும்." வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

நாம் சேர்ந்து லோடு வண்டி ஓட்டிய காலத்தில் அந்தக் கவர் இல்லாமல் உன் சட்டைப் பையை நான் பார்த்ததே இல்லை. நிலக்கோட்டையில் மல்லிகை மூட்டைகளை ஏற்றி முடித்ததும் ஒரு செட், ஓட்டிப் போய் இறக்கியதும் இன்னொன்று. வெற்றிலை கொடுப்பது போல மற்ற டிரைவர்களுக்கும் கொடுப்பாய். பூ வாடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இடுப்பு வலிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கால் மரத்துப்போன பிறகுதான் திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்தாய். நானும் கூட வந்தேன். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். முதலில் பிசியோதெரபி, அதற்குக் கேட்காவிட்டால் முதுகில் ஊசி, காலில் பலம் குறைந்துகொண்டே போனால் ஆபரேஷன் என்று பொறுமையாகத்தான் சொன்னார். உன் காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது.

"முதுகுல கத்தி வச்சா பொழப்பு போச்சு மாப்ள."

"அது கடைசிக்குத்தான சொன்னாரு. மொதல்ல அந்தப் பயிற்சியச் செஞ்சு பாரு" என்றேன்.

ஒரே ஒரு நாள் போனாய். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாய். "குப்புறப் படுத்து நெஞ்சத் தூக்கச் சொல்றாய்ங்க. லோடு ஏத்துறவனுக்கு இதெல்லாம் ஒரு வைத்தியமா?"

முகமும் காலும் வீங்கிய பிறகு பார்த்தால் சிறுநீரகம் போய்விட்டிருந்தது. வருடக்கணக்காகத் தின்ற வலி மாத்திரைதான் காரணம் என்றார்கள். டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இப்பத்தான் முதுகுக்கு ரெஸ்ட்டு கெடச்சிருக்கு" என்றாய். நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

இப்போது எனக்கும் அதே ஜவ்வு, அதே டாக்டர். "எல்லா முதுகும் பயிற்சிக்குக் கட்டுப்படாது, செஞ்சு பாப்போம்" என்றார். கூச்சமாகத்தான் இருந்தது. அலுப்பாகவும் இருந்தது. ஆனாலும் உன் முகம் வீங்கிக் கிடந்ததைப் பார்த்தவன் நான், செய்யாமல் இருக்க முடியவில்லை. வலி இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் கால்வரை இறங்கியது மேலேறி இடுப்போடு நின்றுவிட்டது. நேற்று வேடசந்தூர் வரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டினேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உன் நினைப்புதான் வந்தது. உன் முதுகும் இந்தப் பயிற்சிக்குக் கேட்டிருக்குமா, தெரியாது. கேட்டிருக்கலாம்.

தினமும் விடிந்ததும் பாயில் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும்போது உன்னைத்தான் முணுமுணுத்துத் திட்டுகிறேன். வலியில் முனகுகிறேன் என்று நினைத்து என் மனைவி வெந்நீர்ப் பையோடு வந்து நிற்கிறாள்.