பாக்கியிருந்த ஒரு பேப்பர்

கொட்டச்சேடு,
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

சுதாராணி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று மலைமேல் இருக்கும் சேர்வராயன் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

ரிக் வண்டி இப்போது எந்த ஊரில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை. ராய்ப்பூர் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பினால் மேனேஜர் எப்படியும் வண்டிக்குச் சேர்த்துவிடுவார் என்று முன்பு ஒருமுறை சொன்னீர்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்ட்டியா புள்ள" என்கிறீர்கள். நான் "சாப்ட்டனுங்க" என்கிறேன். உங்களுக்குப் பின்னால் மிஷின் இரைகிறது. "செரி, வெச்சர்றேன்" என்கிறீர்கள். அப்புறம் அடுத்த ஞாயிறுதான். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அது அந்த இரைச்சலுக்குள் நுழையாது.

இங்கே இந்த வருடம் பூமழை சரியான நேரத்துக்கு இறங்கியது. காப்பிச் செடி முழுக்க வெள்ளை. வாசனை எஸ்டேட் லைன் வீட்டுக்குள் வரைக்கும் வருகிறது. மிளகு பறிப்பு முடிந்துவிட்டது. குழாயடிப் பக்கம் காட்டெருமை ஒன்று வந்து நிற்கப் பழகிவிட்டது. அதனால் இருட்டுவதற்கு முன்பே தண்ணீர் பிடித்து வைத்துவிடுகிறேன். ஒருத்திக்கு ஒரு குடம் போதுமல்லவா.

அத்தை இன்னும் ஆத்தூரில் என் நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறார்கள். நாத்தனாரின் குழந்தை நன்றாகத் தேறிவிட்டதாம். போன மாதம் தொட்டில் போட்டு விருந்து வைத்தார்களாம். விருந்து முடிந்த பிறகுதான் அத்தை போன் செய்தார்கள். "உனக்குத்தான் பஸ் வசதி இல்லையே கண்ணு, எதுக்கு அலையோணும்னு சொல்லி உடல" என்றார்கள். கொட்டச்சேட்டிலிருந்து பஸ் இருக்கிறதா இல்லையா என்பது அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் "ஆமாங்கத்தை" என்று சொல்லி வைத்துவிட்டேன். குழந்தைக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருந்தேன். யாராவது ஆத்தூர் போனால் கொடுத்துவிடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். நவம்பரில் சேலம் போய்ப் பரீட்சை எழுதினேன்.

என் டிகிரி என்ன காரணத்தால் நின்றது என்று உங்களுக்கு நினைவிருக்கும். தாவரவியலில் எனக்கு ஒரு பேப்பர்கூடப் பாக்கி இல்லை. தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல் எல்லாம் தேறிவிட்டேன். பகுதி நான்கில் விழுமியக் கல்வி என்று எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு பேப்பர் உண்டு. அது மட்டும்தான் மீதி. காலேஜில் அதை யாரும் மதிக்கமாட்டார்கள். "சும்மா பேப்பர்டி, பஸ்ல வரும்போது கைடைப் பாத்தாப் போதும்" என்று சீனியர் அக்காக்கள் சொல்வார்கள். நான் அந்தக் கைடை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நீங்களும் புரட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள். "நல்லபடியா இருக்கறதுக்கெல்லாமா புள்ள பரீச்சை வெக்கறாங்க?" என்று கேட்டீர்கள். கல்யாணமான புதிது. நானும் சிரித்தேன்.

அந்தப் பேப்பர் நடந்த காலையில்தான் எனக்கு மாதம் நிறைவதற்கு முன்பே வலி கண்டது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் எத்தனையோ தடவை பரீட்சை வைத்தார்கள். என்னால் போக முடியவில்லை. அந்தப் பேப்பரின் பெயரைக் கேட்டாலே ஆஸ்பத்திரி வாசனை வந்தது. டிகிரி இல்லாவிட்டால் என்ன, எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்க டிகிரியா கேட்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

என்னோடு படித்த ஃபெபியை உங்களுக்குத் தெரியும், நம் கல்யாணத்துக்குப் பச்சைச் சேலையில் வந்தவள். இப்போது ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுதியைப் பார்த்துக்கொள்கிறாள். அக்டோபரில் சந்தையில் பார்த்தபோது என்னை விடவே இல்லை. "ஏன்டி, அத்தனை பேப்பரும் பாஸ் பண்ணிப்போட்டு, இந்த ஒண்ணுக்காவ டிகிரி இல்லாம உக்கோந்திருக்கறயே. எங்க பள்ளிக்கூடத்துல பயாலஜி லேபுக்கு ஆள் தேடறாங்க. டிகிரி இருந்தா உன்னய நாளைக்கே கூட்டிக்குவாங்க" என்றாள். அவளே மறுவாரம் லீவு போட்டுவிட்டு என்னைக் காலேஜுக்குக் கூட்டிப் போனாள்.

காலேஜ் ஆபீசில் இருந்த அம்மா என் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "ஏம்மா, மேஜர்ல இவ்வளவு நல்ல மார்க் வாங்கியிருக்கறீங்க, இதைப் போய் உட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டார்கள். பாடத்திட்டம் மாறிவிட்டதாம். பழைய பேப்பரை எழுத இதுதான் கடைசி வாய்ப்பாம். இதைவிட்டால் மூன்று வருடப் படிப்பும் படித்ததாகக் கணக்கில் இல்லை என்றார்கள். "எதனால வரலீங்க அன்னிக்கு?" என்று கேட்டார்கள். நான் சொல்வதற்குள் ஃபெபி, "உடம்பு செரியில்லீங்க மேடம்" என்று முடித்துவிட்டாள். அவளை அந்த நேரத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பரீட்சையன்று குப்பனூர் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் மலை இறங்கினேன். பனியில் வளைவுகளே தெரியவில்லை. ஹாலில் எல்லாம் சின்னப் பெண்கள். ஒருத்தி என்னைப் பார்த்து எழுந்து நின்று, "மேடம், நீங்கதான் சூப்பர்வைசருங்களா?" என்று கேட்டாள். நான் அவளுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று எனக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. நேரம் தவறாமை, முதியோரை மதித்தல், கோபத்தை அடக்கும் வழிகள். கைடில் இருந்ததைத் தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. "குடும்ப உறவுகளில் மனம்விட்டுப் பேசுவதால் விளையும் நன்மைகளை விவரிக்க."

மாமா, அதற்கும் எனக்கு விடை தெரியும். துன்பத்தைப் பகிர்ந்தால் பாரம் குறையும் என்று எழுதினேன். தவறான எண்ணங்கள் நீங்கும் என்று எழுதினேன். ஒருவருக்கொருவர் துணை என்ற உறுதி பிறக்கும் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போட்ட பிறகு கை ஓடவில்லை. யாருடைய வீட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்தேன். நம் வீட்டில் அப்படி ஒரு பேச்சு நடந்ததே இல்லையே. சூப்பர்வைசர் வந்து, "முடிச்சாச்சுங்களா, பேப்பரக் கட்டிக் குடுத்தர்றீங்களா?" என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மலைக்குப் போகிற பஸ்கள் வந்து வந்து போயின. பக்கத்தில் ஒரு அம்மா முறுக்குக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். "எந்த பஸ்சுக்கு நிக்கற சாமி?" என்று கேட்டார்கள். ஏற்காடு என்றேன். "அது இப்பத்தான போச்சு" என்றார்கள். போகட்டுங்க என்றேன். கடைசி பஸ் வந்ததும் அவர்களே என் கையைப் பிடித்து எழுப்பி ஏற்றிவிட்டார்கள்.

அன்று அங்கே உட்கார்ந்து நம் மகளை நினைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தபோது நர்ஸ் என்னை ஒரே ஒரு தடவைதான் கூட்டிப் போனாள். நீங்கள் அந்த வராந்தாவை விட்டு நகரவே இல்லை என்று அத்தை பிறகு சொன்னார்கள். நான் பார்த்ததைவிட அவளை நீங்கள்தான் அதிகம் பார்த்தீர்கள். அவள் அழுதாளா, கண்ணைத் திறந்தாளா, யார் ஜாடை, எதுவும் நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கேட்டால் உங்களுக்கு வேதனை என்று நான் இருந்தேன். சொன்னால் எனக்கு வேதனை என்று நீங்கள் இருந்திருப்பீர்கள். பிறகு ரிக் வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டீர்கள். போன மழைக்காலத்தில் வண்டியெல்லாம் ஊர் திரும்பியபோதும் நீங்கள் அங்கேயே ஷெட்டில் காவலுக்கு இருந்துகொண்டீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதைக் கைடில் படித்து எழுதவில்லை, நிஜமாகவே இல்லை.

போன வாரம் ரிசல்ட் வந்தது. பாஸ். ஃபெபிதான் போனில் பார்த்துச் சொன்னாள். நல்ல மார்க்காம். மனம்விட்டுப் பேசுவதைப் பற்றி நான் எழுதியதற்கும் சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். அந்த ஞாயிறு நீங்கள் போன் செய்தபோது சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் "சாப்ட்டியா" என்றதும் "சாப்ட்டனுங்க" என்றுதான் வாயில் வந்தது. ரிசல்ட்டுக்காக ஒரு டம்ளர் பாயசம் வைத்திருந்தேன். அதை நானே குடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்துவிட்டேன். ஜூனில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு அறையும் சின்னச் சமையல் கட்டும் தருகிறார்கள். இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். அத்தையிடம் சொன்னேன். "போ கண்ணு. அந்த ஊட்டுல ஒண்டியா செவுத்தப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்ப. எம்மவங்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன்" என்றார்கள். வேண்டாம் அத்தை, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ஆகையால் சொல்கிறேன். நான் போகப் போகிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

போவதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று நான் வார்டிலேயே படுத்திருந்தேன். நீங்களும் பக்கத்து லைன் மணி அண்ணனும் மட்டும் கொண்டு போய் அடக்கம் செய்தீர்கள். எந்த இடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எஸ்டேட்டுக்குப் பின்புறச் சரிவு என்று மட்டும் காதில் விழுந்தது. மணி அண்ணன் தினமும் எதிரே வருகிறார். கேட்டால் காட்டுவார். இன்னொருவர் காட்டி அதை நான் பார்க்க வேண்டாம் என்று கேட்கவில்லை. அந்தச் சரிவில் பழம் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்குக் கால் வைக்கப் பயம். இங்கேயா, இங்கேயா என்று பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறேன்.

இந்த வருடம் மழை இறங்கி வண்டி நின்றதும் காவலுக்கு வேறு ஆளை வைக்கச் சொல்லுங்கள். எதுவும் பேசவேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கி, என்னைக் கூட்டிக்கொண்டு போய், இதுதான் என்று மட்டும் காட்டுங்கள் மாமா.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் நிற்காதீர்கள். நல்ல தண்ணீராகக் குடியுங்கள்.

என்றும் உங்கள்,
சுதா