வரிசை மாறிய நான்கு வரிகள்

இன்று காலை என் பிரிண்டிங் யூனிட்டில் ஸ்கிரீன் கழுவுகிற ஒடிசாக்காரர், துடைத்துக்கொண்டிருந்த துணியை விரித்துக் காட்டி, "பையா, யே க்யா லிக்கா ஹை?" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். பழைய பனியன் துண்டு அது. ஒரு மலையின் கோட்டுப்படம், அதன் பக்கத்தில் மேலிருந்து கீழாக இறங்குகிற சீன எழுத்துகள் இரண்டு வரிசை. மீதி இரண்டு வரிசையை யாரோ கிழித்து வேறு எதற்கோ எடுத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் வாடையோடு அது என் கைக்கு வந்தது. மலை, வீடு, ஆள் இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அதை வாங்கிக்கொண்டு மறுபடி துடைக்கப் போனார்.

நீங்கள் இருந்திருந்தால், சார், அதைப் பிடுங்கிப் பத்திரப்படுத்தியிருக்கமாட்டீர்கள். துடைக்கட்டும் என்றுதான் விட்டிருப்பீர்கள். உங்கள் சுபாவம் அது. எனக்கு இன்றைய வேலை அதோடு கெட்டது.

நீங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கிறவர். நான் முதலிபாளையத்தில் பனியனுக்குப் பிரிண்ட் அடிக்கிறவன். உங்கள் கம்பெனி வேலை கொடுக்காவிட்டால் என் டேபிள்கள் காய்ந்து கிடக்கும். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் தென்காசிப் பக்கத்து வழக்கப்படி என்னை அண்ணாச்சி என்பீர்கள், நான் உங்களை சார் என்பேன். யாருக்கு யார் மரியாதை கொடுக்கிறோம் என்று இருவருக்குமே கடைசிவரை தெளிவில்லை.

சீனாவில் துணி பார்த்து வாங்குகிற வேலையில் ஆறு வருஷம் இருந்தீர்கள். மற்றவர்கள் அங்கிருந்து ஜிப்பும் பொத்தானும் கொண்டுவந்தார்கள், நீங்கள் பழைய கவிதைகளைக் கொண்டுவந்தீர்கள். பேக்கரி வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வீர்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். மலை இருக்கும், மேகம் இருக்கும், எங்கோ ஒரு மணி அடிக்கும், குடில் இருக்கும். ஆள் மட்டும் இருக்கமாட்டார். "ஏனுங்க சார், நம்மூர்ல எந்தச் செவுத்தைப் பார்த்தாலும் ஆட்கள் தேவைன்னு ஒட்டியிருக்குது. உங்க கவிதையில மலை பூராத் தேடியும் ஒரு ஆளு கெடைக்கலீங்களே" என்றேன் ஒருநாள். டீ புரையேறச் சிரித்தீர்கள்.

அந்தக் கவிஞர்களில் பலர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்கள் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். "மலையைப் பத்தி எழுதுததுதான் அவங்களுக்கு லீவு லெட்டர், அண்ணாச்சி. எழுதி வச்சுட்டு மறுநா ஆபீஸ் போயிருவாங்க." தியானம் என்கிற நம் சொல்தான் அங்கே போய்த் தேய்ந்து ஜென் ஆயிற்றாம். ஆனால் கவிதைக்குள் தியானம் என்ற பேச்சே இருக்காதாம். தண்ணீர் விழும், ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்த ஒருவரும் 'நான்' என்று சொல்லிக்கொள்வது அபூர்வமாம். "ஏறியாச்சு, பாத்தாச்சு, இறங்கியாச்சு. யாருன்னு எதுக்கு?" என்றீர்கள். நல்ல வசதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த ஆர்டர் வந்தது. மலைப்படமும் நான்கு வரிக் கவிதையும். பழைய பாணியில் பையரின் டிசைனர் யாரோ எழுதியது, பழசு இல்லை என்று பார்த்ததும் சொன்னீர்கள். சாம்பிளை டேபிளில் வைத்து, வலது கோடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்து எனக்கு அர்த்தம் சொன்னீர்கள். முதல் வரியில் ஒருவர் நண்பரைப் பார்க்க ஊரை விட்டுக் கிளம்புகிறார். இரண்டாவதில் மலையேறுகிறார். மூன்றாவதில் வீடு திறந்திருக்கிறது, ஆள் இல்லை. நாலாவதில் வருத்தமில்லாமல் இறங்கி வருகிறார். நீங்கள் போனதும், ஸ்கிரீனில் ஏற்றுவதற்கான ஃபிலிமில் ஒவ்வொரு வரிசையின் தலையிலும் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டுவைத்தேன். எனக்கும் சீனம் தெரியும் என்கிற மிதப்பு.

சின்ன சைஸ் பனியனுக்கு டிசைனைக் குறுக்க வேண்டியிருந்தது. ஃபிலிமை நான்கு கீற்றாக வெட்டி நெருக்கி ஒட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இடமிருந்து வலமாக. நமக்கு அதுதானே வரிசை? ஒரு மண்ணும் தெரியாதவனாக இருந்திருந்தால் இருந்ததைப் பார்த்து அப்படியே ஒட்டியிருப்பேன், சரியாக வந்திருக்கும். அரைகுறையாகத் தெரிந்ததால் கெட்டது. ஃபிலிமில் எதை மாற்றினாலும் உங்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அவசரத்தில் அதையும் செய்யவில்லை.

பெட்டி கட்டுகிற நாளில் ஒரு பீஸை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். முகத்தில் கோபமே இல்லை. "பழைய முறைப்படி வலதிலிருந்து படிச்சா கதையே மாறிருச்சு, அண்ணாச்சி. மலையிலிருந்து இறங்கி வாரான், வீட்ல ஆளில்லை, திரும்ப மலையேறுதான், கடைசில ஊரையே விட்டுப் போயிருதான்" என்றீர்கள். பீஸை மடித்துக்கொண்டே, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள்.

"தப்பு நடந்து போச்சுங்க சார்" என்றேன். தமிழிலும் அந்த வசதி உண்டு. யார் செய்தது என்று சொல்லாமலே தப்பை நடக்கவைத்துவிடலாம்.

நீங்கள் பையருக்கு எழுதிய மெயிலை மறுநாள் உங்கள் போனில் பார்த்தேன். மாற்றிய ஃபிலிமை நான் பார்த்தேன், நான் ஒப்புதல் கொடுத்தேன், கவனக்குறைவு என்னுடையது என்று எழுதியிருந்தீர்கள். பார்க்காத ஃபிலிம், கொடுக்காத ஒப்புதல். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றோடு உங்கள் கம்பெனி எனக்கு வேலை கொடுப்பதை நிறுத்தியிருக்கும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதற்கு இப்படி எழுதினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

பனியன்களைப் பையர் அப்படியே எடுத்துக்கொண்டார், ஆனால் தன் ஆர்டரை இனி வேறு ஆள் பார்க்கட்டும் என்றார். உங்களை சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். நான்கு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஊதியூர் மலையடியில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனீர்கள். ரொம்ப நாள் ஆசை என்று எல்லாரிடமும் சொன்னீர்கள். ஆசைப்பட்டுப் போனீர்களா, நான் போகவைத்தேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு வேலை தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தப்பு என்னுடையதுதான் என்று உங்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட முடிவுசெய்து, தேங்காய் பன் வாங்கிக்கொண்டு பைக்கில் வந்தேன். உங்கள் கவிதைகளில் வருகிற மேகமும் பைன் மரமும் அங்கே இல்லை. காய்ந்த பாறை, வேலாமரம், வெயில். வீடு திறந்து கிடந்தது, நீங்கள் இல்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "மேல போயிருக்கறாருங்க, எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல மனுசந்தானுங்க. பனியனைத்தான் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் திருப்பிப் போட்டுட்டுத் திரியறாரு. சொன்னாச் சிரிக்கறாரு" என்றார்.

எந்தப் பனியன் என்று கேட்கத் தேவையில்லை. கொடியில் இன்னொன்று அதேமாதிரி திருப்பிக் காய்ந்துகொண்டிருந்தது. மெல்லிய துணியில் மை உள்பக்கம் ஊறியிருந்தது. அப்படிப் பார்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலப் புரண்டிருக்கும், ஆனால் வரிசை சரியாக வந்துவிடும். வலது கோடியில் முதல் வரி. என் தப்புக்கு நீங்கள் கண்டுபிடித்த வைத்தியம் அவ்வளவுதான்.

அரைமணி நேரம் வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வரவில்லை என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பன்னை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வருத்தமில்லாமல் திரும்பி வந்தேன். கவிதையில் வருகிறவருக்கு வருத்தமில்லாததன் காரணம் வேறு.

அன்று சாயங்காலம் போன் செய்தீர்கள். "வந்தியளாமே. பன்னு நல்லாருந்துச்சு. அடுத்த தடவை ஒண்ணும் சொல்லாம வாங்க, அண்ணாச்சி." முன்கூட்டித் தெரிவிக்காமல் வரச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கும் நான் தெரிவிக்காமல்தானே வந்திருந்தேன் என்பது பிற்பாடுதான் உறைத்தது. "வர்றனுங்க சார்" என்றேன். வரவில்லை. நெஞ்சுவலியில் நீங்கள் போய், உடலைத் தென்காசிக்குக் கொண்டுபோன பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது.

பதினாறாம் நாள் கழிந்ததும் உங்கள் பழைய கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் உங்கள் காலத்தில் இருந்த அதே ஆள்தான். உங்கள் பேச்சை எடுத்ததும், "நல்லவருங்க, ஆனா கவனம் பத்தாதுங்க. ஒரு பெரிய பையரே போகப் பார்த்துச்சு" என்றார். அந்த ஆபீசில் நீங்கள் மிச்சம் வைத்துப்போன பெயர் அது.

"அந்தத் தப்பு நான் பண்ணுனதுங்க. ஃபிலிமை வெட்டி ஒட்டுனது நானு. அவருகிட்டக் காட்டவே இல்லீங்க" என்றேன். பென்சில் நம்பர் போட்டதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

முழுவதையும் கேட்டார். எழுந்து வந்து என் தோளில் கைவைத்து, "செத்துப்போன சிநேகிதருக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கறதுக்கு ஒரு மனசு வேணுமுங்க" என்றார். இல்லீங்க, நெசமாலுமே நாந்தானுங்க என்று மறுபடி சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. டீ வரவழைத்தார். அக்கவுண்ட்ஸில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "இவரைப் பாத்துக்க கண்ணு, இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுசன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் எனக்குத் தனி மரியாதை, சார். வாட்ச்மேன்கூட எழுந்து நிற்கிறார். தப்பைச் சுமந்து பழகிவிட்டேன், அது பெரிய பாரமில்லை. இந்த நல்ல பெயரைத்தான் எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.