ஏழு படிகளும் நாற்பத்திரண்டு அடியும்

நாளைக் காலைக்கென்று இஞ்ச் டேப்பை எடுத்துக் கைப்பைக்குள் வைக்கப் போனேன். சாவிக்கொத்துக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் உன் ரப்பர் புஷ் கையில் தட்டுப்பட்டது. உன் ஊன்றுகட்டையின் நுனியில் மாட்டுவாயே, அந்தக் கறுப்பு ரப்பர். முகர்ந்து பார்த்தேன். புதுச் செருப்பு வாசனை இன்னும் போகவில்லை. நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதை மாட்ட வேண்டிய கட்டை இப்போது எங்கே கிடக்கிறதோ தெரியாது. ஆனாலும் நான் பை மாற்றும்போதெல்லாம் இதுவும் கூடவே வந்துவிடுகிறது.

உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பயம்தான். நாளை காலை ஒன்பது மணிக்குப் பெரிய ஆட்கள் முன்னால் நான் பேச வேண்டும். பயம் வந்தால் முதலில் உன்னிடம் சொல்லித்தானே எனக்குப் பழக்கம்.

விஷயம் இதுதான். நம் கல்லூரியின் பழைய நூலகத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். நம் வருடத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் சேகர் ஞாயிறுதோறும் ஒரு படம் போடுவான். மாணவர் தேர்தலில் தோற்ற பிறகும் மாலையைக் கழற்றாமல் வகுப்புக்கு வந்தானே, அந்தச் சேகர்தான். இப்போது முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர். அஸ்திவாரக் குழி, கம்பி, தூண், தளம் என்று வாரம் ஒரு படம் வரும். அமெரிக்காவிலிருந்தும் ஆவடியிலிருந்தும் கைதட்டும் பொம்மைகள் வந்து விழும். அதில் என்னுடையதும் ஒன்று.

போன ஞாயிறு சாந்தோமில் பூசை முடிந்து ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது படம் வந்தது. முகப்புப் படிகளின் கான்கிரீட் இறுகி, பலகைகளைப் பிரித்திருந்தார்கள். நல்ல அகலமான படிகள். விரல் தானாகக் கைதட்டும் பொம்மையைத் தேடிப் போய்விட்டது. அப்புறம்தான் எண்ணினேன். ஏழு. படத்தைப் பெரிதாக்கி இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெறும் மண்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழைய செய்திகளை மேலே மேலே தள்ளித் தேடினேன். கட்டட வரைபடத்தை ஆறு மாதம் முன்பே சேகர் போட்டிருக்கிறான். "யாருக்காவது கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லவும்" என்று கீழே எழுதியும் இருக்கிறான். அந்த வரைபடத்திலும் ஏழு படிகள்தான். சாய்தளம் கிடையாது. நான் அதற்கு மூன்று கைதட்டலும் ஓர் இதயமும் போட்டிருக்கிறேன். கணக்குப் படித்தவள் வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த நூலக வாசலில்தானே நாம் முதன்முதலில் பேசினோம். பழைய கட்டடத்துக்கு மூன்றே படி. நீ அடையாற்றங்கரை வீட்டிலிருந்து மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு வருவாய். படிக்குக் கீழே அதை நிறுத்திவிட்டு, கட்டைகளை அக்குளில் செருகிக்கொண்டு ஏறுவாய். ஏறி முடித்ததும் புத்தகம் தூக்கக் கை இருக்காது. ஒரு மழை நாளில் நான் ஓடிவந்து, தினமும் தூக்கி வருகிறேன் என்றேன்.

"நீ லீவு போட்டா நானும் லீவு போடணுமா?" என்று கேட்டாய். என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "கோச்சுக்காதடீ. இன்னா படிக்கிறே? கணக்கா? அப்ப வா, ஒரு வேலை கீது."

அன்றிலிருந்து உனக்கு என் பெயர் கணக்குதான்.

வேலை என்னவென்றால், முதல்வரிடம் போய் ஒரு சாய்தளம் கேட்க வேண்டும். என் அப்பா, அத்தை, இரண்டு சித்திகள் எல்லோரும் வாத்தியார்கள். தலைமை ஆசிரியர் அறைக்குள் தப்பு செய்தவர்கள்தான் போவார்கள் என்று வளர்ந்தவள் நான். முதல்வர் அறை வாசலில் உன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"பயமா கீதா, கணக்கு?"

"ஆமா."

"பயப்படு. யாரு வேணான்னது? பயந்துக்கினே வா."

முதல்வர் கண்ணாடிக்கு மேலே நம்மைப் பார்த்தார். சிமெண்ட் தருகிறேன், என்.எஸ்.எஸ். பிள்ளைகளே செய்துகொள்ளுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரான உன் மாமா கரணையோடு வந்துவிட்டார். "எவ்ளோ நீளம்மா போடலாம்?" என்று அவர் கேட்டது என்னை. நான் படியிலிருந்து அறிவிப்புப் பலகை வரை அளந்தேன். ஆறு அடி. "ஆறடி மாமா" என்றேன், பெரிய என்ஜினியர் மாதிரி. இருந்த இடத்தை அளந்தேனே தவிர, ஏற வேண்டிய உயரத்தை நான் அளக்கவே இல்லை.

திறப்பு விழாவுக்குச் சேகர் ரிப்பன் கட்டியிருந்தான். நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளித்தான் உன் வண்டி மேலே ஏறியது. இறங்கும்போது உன் கைக்கு அடங்கவில்லை. நேராகப் போய் அறிவிப்புப் பலகையில் மோதினாய். வருகை குறைந்தவர்கள் பட்டியல் உன் மடியில் விழுந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். நான் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். நீ பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாய்.

"என் பேரு கீதுடீ இதுல," என்றாய். அப்புறம், "அழுவாத கணக்கு. இது ராம்ப் இல்ல, சறுக்குமரம். வேற போடுவோம்."

விழா மேடையின் ஆறடிப் பலகை ஒன்றைத் தூக்கி வரச் சொன்னாய். ஒரு முனைக்குக் கீழே ஆறு செங்கல் அடுக்கினோம், நம் சறுக்குமரத்தின் அதே உயரம். நீ வண்டியை ஏற்றிப் பார்த்தாய். "கை எரியுது. ஒண்ணு எடு." ஐந்து. "எரியுது." நான்கு. மூன்றில், "பரவால்ல, ஆனா தினம் முடியாது" என்றாய். இரண்டு செங்கலுக்கு வந்ததும் ஒரே மூச்சில் ஏறி, ஒரு கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு, "இதான்" என்றாய். இரண்டு செங்கல் ஆறு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். பல வருடம் கழித்து, பொறியாளர்களின் விதியும் அதுவேதான் என்று எங்கோ படித்தேன். நீ அதை உன் தோளால் கண்டுபிடித்திருந்தாய்.

மூன்று படி பதினெட்டு அங்குலம், பதினெட்டு அடி வேண்டும், ஆனால் அறிவிப்புப் பலகை நடுவில் நிற்கிறதே என்று நான் கையைப் பிசைந்தேன். "போர்டைத் தூக்கி அந்தாண்ட வை. என்னைத் தூக்கறதுக்கு அது ஈஸி" என்றாய்.

அப்படி நாம் போட்ட பதினெட்டு அடியைத்தான் நூலகத்தோடு சேர்த்து இடித்துவிட்டார்கள். அதன் படத்துக்கும் நான் கைதட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. ஆற்றங்கரை வீடுகளை அரசு அகற்றி, உங்களுக்கு ஊருக்கு வெளியே நான்காம் மாடியில் வீடு கொடுத்த பிறகு, லிஃப்ட் ஓடும் நாளில் மட்டும் நீ வெளியே வருவாய். நம் வருடத்து ஆட்கள் தி.நகரில் ஒரு மண்டபத்தில் கூடிய அன்று உங்கள் லிஃப்ட் ஓடியது. ஆனால் மண்டபம் இரண்டாம் மாடியில். அங்கே லிஃப்ட் இல்லை. "நான் கீழயே குந்திக்கறேன், பிரியாணி மட்டும் அனுப்புங்கப்பா" என்று குழுவில் எழுதினாய். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளாக எல்லோரும் அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். குழுப் படம் எடுத்து முடித்த பிறகுதான் கீழே வந்தேன். நீ பைக்குகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாய். அதற்குள் உன் ஃபோனில் அந்தப் படம் வந்துவிட்டிருந்தது.

"எல்லாரும் நல்லா கீறீங்க," என்றாய்.

அந்த வார்த்தையை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று சனிக்கிழமை, ஐம்பதடி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். சேகர் தலையில் மஞ்சள் தொப்பியோடு நின்றிருந்தான். பக்கத்தில் கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர், நம் பிள்ளைகள் வயதில் ஒரு பெண். நான் படியின் உயரத்தை அளந்தேன். ஆறு அங்குலம். ஏழு படி, நாற்பத்திரண்டு அங்குலம். நாற்பத்திரண்டு அடி வேண்டும். இந்தத் தடவை உயரத்தைத்தான் முதலில் அளந்தேன், கவனித்தாயா? பிறகு இடது பக்கம் மண்ணில் டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தேன். முப்பதாவது அடியில் ஒரு செங்கல் மேடை தடுத்தது. முன்னாள் மாணவர்கள் பெயர் பொறித்த கருங்கல் அங்கேதான் நிற்கப்போகிறதாம். அதில் என் பெயர் உண்டு.

"இன்னா பண்றே?" என்றான் சேகர்.

"ராம்ப் எங்க?"

"பின்னாடி லிஃப்ட் இருக்குல்ல."

பின்னால் போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டரைத் தாண்டி, மணல் குவியலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். லிஃப்ட் வாசலுக்கு முன்னால் மூன்று படி. திரும்பி வந்து சொன்னேன். சேகர் கெட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்:

"சரி, யாருக்காகச் சொல்றே? நம்ம செட்டுல இப்ப அப்படி யாரும் இல்லையே?"

"ஒருத்தி இருந்தா. நீதான் ரிப்பன் கட்டுனே," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. சேகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

அந்தப் பெண்தான் பேசினாள். "நானும் ராம்ப் பத்திக் கேட்டேன் மேடம். பிளான் எல்லாருக்கும் அனுப்பியாச்சு, ஒருத்தர்கூட மறுப்பு சொல்லல, எல்லாரும் கைதட்டிட்டாங்கன்னு கமிட்டில சொன்னாங்க."

அந்த எல்லாரில் நானும் ஒருத்தி என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"திங்கக்கிழமை காலைல படிக்குக் கல்லு ஒட்டறாங்க," என்றாள். "அதுக்குள்ள கமிட்டி எழுதிக் குடுத்தா மாத்திடலாம். அந்த மேடையையும் தள்ளிக் கட்டணும். கல்லு ஒட்டிட்டா அப்புறம் யாரும் உடைக்க விடமாட்டாங்க மேடம்."

கமிட்டி அதே திங்கள் ஒன்பது மணிக்கு, படியில் ஒட்டுவதற்கு முன் கல்லைப் பார்க்க வருகிறதாம். "நீயே வந்து சொல்லிடு," என்றான் சேகர். "நான் சொன்னா, நீதானய்யா ஓகே பண்ணேம்பாங்க."

இன்று ஞாயிறு. வழக்கம்போல் படம் வந்தது. அதன் கீழே, நான்கு தடவை அழித்து எழுதி, கடைசியில் இதைப் போட்டேன்: "இந்தப் படிகளில் அவளால் ஏறியிருக்க முடியாது. என் கைதட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்." உன் பெயரையும் எழுதினேன். எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல நிறக் குறி காட்டியது. நான் ஃபோனை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டுச் சமையலறையில் நடந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெளிநாட்டிலிருக்கும் ஒருத்தி எழுதியிருந்தாள்: "அந்தப் பிரியாணி மெசேஜுக்கு நானும் சிரிச்சேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழு அமைதியாகவே இருக்கிறது. கோபமா, வெட்கமா, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமா, எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். கமிட்டியில் பெரிய பெரிய ஆட்கள். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் அம்மா என்று ஒருவர் கேட்டால் போதும், நான் காலி. அங்கேதான் இருந்தேன், கைதட்டிக்கொண்டிருந்தேன் என்று உண்மையைச் சொல்ல வேண்டியதுதான்.

பையில் இப்போது இஞ்ச் டேப் இருக்கிறது, கணக்கு எழுதிய காகிதம் இருக்கிறது, உன் ரப்பர் புஷ்ஷும் இருக்கிறது. மாதம் ஒன்று தேய்ந்துபோகும் என்று ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் மொத்தமாக வாங்கி, எப்போதும் ஒன்றை என்னிடம் கொடுத்துவைப்பாய். "உன் பைல கெடக்கட்டும். அவசரத்துக்கு எடுக்க எனக்கு ஏது கை?" இது நீ கடைசியாகக் கொடுத்தது. நீ கேட்கவே இல்லை.

அந்தப் பெரிய மனிதர்கள் நாளைக்கு ஏழு படியும் ஏறி மேலே நின்றுகொண்டுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஏறப்போவதில்லை. கீழே, அந்த மண்ணிலேயே, நாற்பத்திரண்டாவது அடியில் நிற்கப்போகிறேன். பேச வேண்டுமானால் அவர்கள் இறங்கி வரட்டும்.

பயம் இன்னும் போகவில்லை. பரவாயில்லை. பயந்துக்கினே போறேன்டீ.