பூவரசில் கட்டிய கயிறு

மாமா,

குளிக்கும்போதுதான் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு தடம். தொட்டால் எரிகிறது. அறுபதைத் தாண்டிய உடம்பு, தோல் லேசில் கன்றிவிடுகிறது. கண்ணாடி முன்னால் துண்டோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடத்தை எனக்குத் தெரியும். உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்றைக்கு உன் இடுப்பில் பார்த்திருக்கிறேன்.

நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். மலேசியாவில் ஒரு தீவு. ஜன்னலைத் திறந்தால் கடல். உன் மகள்தான் கூட்டிவந்தாள், நீ முகம் பார்க்காத மகள். சிங்கப்பூரில் வேலை அவளுக்கு. "ரிட்டையர்டு ஆயி ஊட்லயே குந்திக்கினு இருக்கியே, ஒருவாட்டியாச்சும் வெளிய வாம்மா" என்று இழுத்துவந்துவிட்டாள். நம்ம ஊர் கெடாரை விட்டால் விழுப்புரம், விழுப்புரத்தை விட்டால் திண்டிவனம், அதுக்கு மேல் எனக்கு வழி தெரியாது என்று கிண்டல் செய்வாயே. இப்போது கடல் தாண்டி வந்திருக்கிறேன். உன்னையும் கூடவே தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன் என்பது இன்றைக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

இங்கே காட்டுக்குள் ஒரு விளையாட்டு. பெரிய பெரிய மரங்களின் உச்சியில் பலகையால் பரண் கட்டியிருக்கிறார்கள். ஒரு பரணிலிருந்து அடுத்த பரணுக்கு இரும்பு வடம் ஓடுகிறது. இடுப்பிலும் தொடையிலும் பெல்ட் போட்டு இறுக்கி, அதை ஒரு கப்பியில் கோத்து, கப்பியை வடத்தில் மாட்டிவிடுவார்கள். கால் எடுத்தால் சர்ரென்று சறுக்கிக்கொண்டு அந்த மரத்துக்குப் போய்ச் சேரலாம். ஜிப் லைன் என்கிறார்கள். வரிசையில் நின்று சிரித்துக்கொண்டே போகிறார்கள் ஜனங்கள். நானும் ஏணியேறி மேலே போய் நின்றேன். கப்பி, வடம், இடுப்புக் கட்டு. உனக்கு இதெல்லாம் பிழைப்பாக இருந்தது.

விழுப்புரத்தில் பம்புசெட் ரிப்பேர் கடையில் வேலை உனக்கு. கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்ற வேண்டும், சரிசெய்து மறுபடி இறக்க வேண்டும். இறங்குமுன் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, ஒரு முடிச்சைப் போட்டு, வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பாய். பிறகு மேலே வடத்தைப் பிடித்திருக்கிறவர்களிடம் சொல்வாய்: "முடிச்சு எம் பொறுப்பு. மேல புடிக்கிறது உங்க பொறுப்பு. ரெண்டும் சரியா இருந்தாத்தான் நான் சாப்பாட்டுக்கு ஊட்டுக்குப் போவேன்." எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

அந்த முடிச்சை எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். நான் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தபோதே வீட்டு விட்டத்தில் ஏணைக்குக் கயிறு கட்டிவிட்டாய். பிள்ளை பிறக்கும் முன்னால் ஏணை கட்டலாமா என்று உன் அம்மா, என் அத்தை, வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டது. "கயிறுதான கட்டனேன், பொடவ கட்டலியே" என்று சொல்லிவிட்டு, அந்தக் கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஆடிக் காட்டினாய். விட்டத்திலிருந்து மண் உதிர்ந்து உன் தலையெல்லாம் ஆயிற்று. "என்னத் தாங்குது பாரு மே. ஒம் புள்ள இன்னா, என்னவிட கனமாவா பொறக்கப் போவுது?" என்றாய். பிறகு கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்துக் கட்டச் சொன்னாய். எனக்கு வரவில்லை. திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது முடித்தவளுக்கு ஒரு முடிச்சு வரவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாய். வீம்புக்கே கற்றுக்கொண்டேன்.

இன்றைக்குப் பரண் மேலே ஹெல்மெட் போட்ட ஒரு மலாய்க்காரப் பெண், உன் மகள் இடுப்பில் கொக்கியை மாட்டினாள். டிக்கென்று ஒரு சத்தம். எனக்குப் பயம் பிடித்தது. விழுந்துவிடுவாள் என்ற பயம் இல்லை மாமா. பிள்ளையை மரத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்களே என்ற பயம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அந்த மரம் யாருதுன்னு கேளு" என்றேன்.

"இன்னாம்மா?"

"அந்தாண்ட இருக்கிற மரம் யாருது? அதுல கயிறு கட்டக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களான்னு கேளு."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பின்னால் வரிசை நிற்கிறது. இருந்தாலும் கேட்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, பொறுமையாகப் பதில் சொன்னாள். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "காட்டு மரமாம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம். தெனம் காலையில ஒவ்வொரு மரத்தையும் பாத்துட்டுத்தான் ஆள உடுவாங்களாம். பாரு, வடம் அந்த மரத்தோட நிக்கல. பின்னாடி இருக்கிற மரத்துலயும் போயிக் கட்டியிருக்குது. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு புடிச்சுக்குமாம்."

இரண்டு மரம். விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு மரம் மாமா.

எண்பதுகளில் அந்தக் கார்த்திகை மழை விட்டபாடில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, காலனிக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ஓடை ஆறாகிவிட்டது. தரைப்பாலம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. காலனி பள்ளத்தில், ஊர் மேட்டில். ஏரிக்கரை கசிகிறது, எந்த நேரமும் உடையும் என்று விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். உடைந்தால் முதலில் நாம்தான். மோட்டார் இறக்குகிற வடம் உன்னிடம் வீட்டில் இருந்தது, கடையிலிருந்து வேலைக்காகக் கொண்டுவந்தது. நம் பக்கத்துப் பனைமரத்தில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு மறுநுனியோடு நீந்தி அக்கரைக்குப் போனாய்.

அக்கரையில் கண்ணுக்கு நேராக நின்றது மாரியம்மன் கோயில் வேம்பு. நாலு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். அதில் நீ கட்டுவாய் என்றுதான் நாங்கள் எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். குடை பிடித்துக்கொண்டு ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். நீ கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாய். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வடத்தை இழுத்துக்கொண்டு கீழே கரையோரம் போனாய்.

ஒவ்வொருவராகக் கூட்டிப் போனாய். பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள் என்று வரிசை வைத்தாய். என் முறை வந்தபோது ஏணைக் கயிற்றை விட்டத்திலிருந்து அவிழ்த்து வந்தாய். என் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கட்டி, அதன் வளையத்தை வடத்தில் கோத்துவிட்டாய். பின்னாலேயே வந்தாய். தண்ணீர் கழுத்துவரை. வயிற்றுக்குள் அவள் உதைத்துக்கொண்டே வந்தாள்.

கரையேறித்தான் பார்த்தேன். வடம் ஒரு பூவரசில் கட்டியிருந்தது. கரையோரத்து ஊறின மண்ணில் நின்ற, இடுப்பளவு பருமன்கூட இல்லாத பூவரசு.

"ஏன் மாமா வேம்புல கட்டல?"

"கட்ட உடல மே. சாமி மரமாம், நம்ம கை படக் கூடாதாம். உயிரு போவுதுங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன். பூவரசுல கட்டிக்கடான்னுட்டாங்க." அதைச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மேலிருந்த ஏணைக் கயிற்றை அவிழ்த்து உன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாய். வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாய்.

நான் ஊர்க்காரர்கள் நடுவில் நின்ற பெரியவரைப் பார்த்துக் கை கூப்பினேன். "அய்யா, இப்பவாச்சும் மாத்திக் கட்டிக்கட்டுங்கய்யா. அந்த மரம் ஆடுதுங்க." அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் மேல் கிடந்த போர்வையை எடுத்து என்னை நோக்கித் தூக்கிப் போட்டார். "மொதல்ல நீ போர்த்திக்க. ஆத்தா மரத்துல கயிறு கட்டுனா ஊருக்கே ஆவாது. பூவரசு தாங்கும், சும்மா இரு" என்றார். அந்தப் போர்வையோடுதான் நின்றேன்.

"அம்மா ஒண்ணுதான் பாக்கி. ஜல்தியா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வளையத்தை வடத்தில் கோத்துக்கொண்டு நீ இறங்கினாய். பாதி ஓடைகூடத் தாண்டவில்லை. எனக்குப் பின்னால் ஒரு சத்தம். திரும்பினால் பூவரசு வேரோடு சாய்ந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. வடம் விறைத்தது. மரம் போகிற பக்கம் நீயும் போனாய். உனக்கு நீச்சல் தெரியும். கட்டு மட்டும் இல்லாமல் இருந்தால் நீந்தி வந்திருப்பாய். உன் கை இடுப்பில் முடிச்சைத் தேடுவதைப் பார்த்தேன். நீ போட்ட முடிச்சு, எப்படி அவிழும்?

ஏரி உடையவே இல்லை மாமா. சாயங்காலத்துக்குள் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. அத்தை காலனிப் பள்ளிக்கூடத்து மாடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மறுநாள் ஓடை வளைகிற இடத்தில் மரத்தோடு சேர்த்து உன்னைக் கண்டுபிடித்தார்கள். ஏணைக் கயிறு ஊறி இறுகிப்போயிருந்தது. யாராலும் அவிழ்க்க முடியாமல் அரிவாளால் அறுத்தார்கள். அத்தை அதன் பிறகு பல வருஷம் என்னோடு திண்டிவனத்தில்தான் இருந்தது. நான் சத்துணவு வேலைக்குப் போக, பிள்ளையை அதுதான் வளர்த்தது. "என்னக் கூப்புட வராம இருந்திருந்தா இருந்திருப்பான்" என்று மட்டும் சொல்லும். மரத்தைப் பற்றி அதுவும் பேசாது, நானும் பேச மாட்டேன்.

வேம்பு இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. போன ஆடியில் ஒரு சாவுக்காகக் கெடார் பக்கம் போனபோது பார்த்தேன். திருவிழாவுக்கு அதில் சீரியல் லைட்டு சுற்றியிருந்தார்கள். ஒரு கிளையில் குழாய் ஸ்பீக்கர். அடிமரத்தில், நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அந்தப் பெரியவருடைய பேரனின் பிறந்தநாள் பேனர். ஆத்தாவுக்கு இதெல்லாம் ஆகிறது போலிருக்கிறது. எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் என்று இருந்தது. கத்தவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இன்றைக்குப் பரணில் என் கையை விலக்கிவிட்டு உன் மகள் போனாள். வடம் விறைத்தது. அதே விறைப்பு. நான் அவளைப் பார்க்கவில்லை, அந்த மரத்தைத்தான் பார்த்தேன். லேசாக ஆடியது, நின்றது. அவள் அந்தப் பக்கம் இறங்கி இரண்டு கையையும் ஆட்டினாள். "வேணாம்னா ஏணியில எறங்கிடும்மா" என்று கத்தினாள். இறங்கியிருக்கலாம். ஆனால் நடுவில் பள்ளம், அந்தப் பக்கம் என் ஆள், இந்தப் பக்கம் நான். இன்னொரு தரம் அப்படி நிற்க என்னால் முடியாது. அந்தப் பெண்ணிடம் மாட்டு என்று கை காட்டினேன். தைரியம் என்று அவர்கள் கை தட்டினார்கள். தைரியம் எல்லாம் ஒன்றும் இல்லை.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து நிறுத்தி, கொக்கியை டிக்கென்று கழற்றினார். அவ்வளவு சுலபமாகக் கழன்றது. நான் போய் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று முதலில் நினைத்தாள் உன் மகள். பரண் பலகையில் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெள்ளத்துல போயிட்டாருன்னுதானம்மா இத்தினி நாளும் சொன்ன?"

"வெள்ளத்துலதான் போனாரு."

கீழே இறங்கி அறைக்கு வந்த பிறகுதான், "அந்த வேம்பு எனக்குத் தெரியும். சின்ன வயசுல ஆயா கூட அங்க போனா, அது மட்டும் அந்தப் பக்கம் திரும்பாம நடக்கும்" என்றாள். அத்தையைத்தான் அவள் ஆயா என்பாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது குளியல் அங்கியின் நாடாவை உருவி எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஊருக்குப் போனதும் நாம் இரண்டு பேரும் கெடாருக்குப் போகிறோம் என்றாள். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, அந்த வேம்பில் ஒரு கயிறு கட்டுவாளாம். "அப்பா போடுற முடிச்சு ஒனக்குத் தெரியுமில்ல? சொல்லிக் குடு." அங்கே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்றாலும் வேண்டாம் என்று என் வாயில் வரவில்லை.

சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கும் உடனே வரவில்லை. உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். இடுப்பில் கட்டிப் பார்க்கட்டுமா என்றாள். அது மட்டும் வேண்டாம், கட்டில் காலில் கட்டு என்றேன். கட்டினாள். நான் சொல்லாமலே வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

கட்டில்தான் நகர்ந்தது மாமா. முடிச்சு அப்படியே இருந்தது.